ஜெர்மன் ஒழுங்கற்ற வினைகள் நிகழ்காலத்தில்: மாறுவது இரண்டே இடம்தான்

கேள்வி இதுதான்: ஜெர்மனில் ஒழுங்கற்ற வினைச்சொற்களை நிகழ்காலத்தில் எப்படி மாற்றி எழுதுவது? பாடநூலின் கடைசிப் பக்கங்களில் வரும் நீளமான பட்டியலை முழுக்க மனப்பாடம் செய்தே ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் பெரும்பகுதி இறந்தகாலத்துக்காகப் போட்டது. நிகழ்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒழுங்கற்றவை என்று பெயர் வாங்கிய வினைகளில் மிகப் பலவற்றுக்கு மாற்றம் வருவது இரண்டே இடத்தில்: முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை. மற்ற நான்கு இடங்களும் சாதாரண வினை மாதிரியே நடக்கும். இந்தக் கட்டுக்குள் அடங்காதவை எட்டு வினைகள்தான். அவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில், காதுக்குக் கேட்கும்படி கொடுத்திருக்கிறேன். 'இஷ்' என்று எழுதியிருப்பதன் உண்மையான ஒலி ஷ், ஹ் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். உயிரெழுத்துகளை ஜெர்மன்காரர்கள் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்றுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தலையில் இரண்டு புள்ளி வாங்கிய எழுத்தைப் 'புள்ளி ஆ', 'புள்ளி ஓ' என்று சொல்கிறேன். புள்ளி ஆ தமிழ்க் காதுக்கு எ அல்லது ஏ போலக் கேட்கும். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வடிவத்தையும் ஜெர்மன் எழுத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஒழுங்கான வினையின் விகுதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். இஷ் (நான்) என்றால் எ, டூ (நீ) என்றால் ஸ்ட், ஏர், ஸீ, எஸ் (அவன், அவள், அது) என்றால் ட், வீர் (நாங்கள்) என்றால் என், ஈர் (நெருங்கியவர்கள் பலரைப் பார்த்து 'நீங்கள்') என்றால் ட், ஸீ (அவர்கள்; மரியாதைக்குரிய 'நீங்கள்') என்றால் என். வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று இடத்துக்கு ஒரு விகுதி போட்டுப் பழகிய நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 'வா' என்ற சொல் 'வருகிறேன்' என்று அடியே மாறி வருவதும் நமக்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஜெர்மனிலும் அப்படித்தான் அடி மாறுகிறது, அதுவும் இரண்டு இடத்தில் மட்டும்.

ஃபாரென் (வண்டியில் போதல்) என்ற வினையைப் பாருங்கள். இஷ் ஃபாரெ, டூ ஃபேர்ஸ்ட், ஏர் ஃபேர்ட், வீர் ஃபாரென், ஈர் ஃபார்ட், ஸீ ஃபாரென். நடுவில் இரண்டு வடிவங்களில் மட்டும் ஆ, புள்ளி ஆ ஆகிறது. விகுதி எதுவும் மாறவில்லை. ஷ்ப்ரெஷென் (பேசுதல்) வினையில் ஏ, ஈ ஆகும்: இஷ் ஷ்ப்ரெஷெ, டூ ஷ்ப்ரிஷ்ஸ்ட், ஏர் ஷ்ப்ரிஷ்ட், வீர் ஷ்ப்ரெஷென், ஈர் ஷ்ப்ரெஷ்ட், ஸீ ஷ்ப்ரெஷென்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, 'இஷ் ஷ்ப்ரிஷெ' என்று தன்மைக்கும் மாற்றத்தை இழுத்து வருவது. இன்னொன்று இதைவிட நுட்பமானது: 'ஈர் ஃபேர்ட்' என்று எழுதுவது. ஏர், ஈர் இரண்டுக்குமே விகுதி ட் என்பதால் கை தானாக ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதிவிடும். 'அவன் போகிறான்', 'நீங்கள் போகிறீர்கள்' இரண்டுக்கும் நடுவே எழுத்தில் இருக்கும் வித்தியாசம் அந்த இரண்டு புள்ளிகள் மட்டுமே. ஏர் ஃபேர்ட், ஈர் ஃபார்ட். ஏர் ஷ்லேஃப்ட் (தூங்குகிறான்), ஈர் ஷ்லாஃப்ட். ஏர் கிப்ட் (கொடுக்கிறான்), ஈர் கேப்ட். இந்த ஜோடியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இந்த இரண்டு இடத்தில் மட்டும்? சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனில் முன்னிலை, படர்க்கை ஒருமை விகுதிகளில் ஓர் இகரம் இருந்தது. ஃபாரு (நான்), ஃபெரிஸ் (நீ), ஃபெரிட் (அவன்). பின்னால் வரப்போகும் இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகி, அடியில் இருந்த ஆகாரத்தை எகரம் பக்கமாக இழுத்துவிட்டது. பிற்காலத்தில் விகுதியின் இகரம் தேய்ந்து மறைந்தது. அது ஏற்படுத்திய மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ஈர் வடிவத்தின் விகுதியில் இகரம் இல்லாததால்தான் அது இன்றுவரை மாறாமல் நிற்கிறது. ஏ, ஈ ஆகும் வினைகளில் பழைய காலத்தில் தன்மை வடிவமும் மாறித்தான் இருந்தது: 'கிபு' என்றால் 'கொடுக்கிறேன்'. பின்னாளில் அது பன்மை வடிவங்களோடு சேர்ந்துகொண்டு 'இஷ் கேபெ' ஆகிவிட்டது.

இனி, எந்த வினை மாறும், எது மாறாது என்பது. அகராதி வடிவத்தை மட்டும் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. எதுகை அச்சாக ஒத்துப்போகும் ஜோடிகளைப் பாருங்கள். ட்ராகென் (சுமத்தல்) மாறும், ஏர் ட்ரேக்ட். ஸாகென் (சொல்லுதல்) மாறாது, ஏர் ஸாக்ட். லௌஃபென் (ஓடுதல்) மாறும், ஏர் லொய்ஃப்ட். கௌஃபென் (வாங்குதல்) மாறாது, ஏர் கௌஃப்ட். கேபென் மாறும், ஏர் கிப்ட். லேபென் (வாழ்தல்) மாறாது, ஏர் லேப்ட். ஸேயென் (பார்த்தல்) மாறும், ஏர் ஸீட். கேயென் (போதல்), ஷ்டேயென் (நிற்றல்) இரண்டும் மாறா, ஏர் கேட், ஏர் ஷ்டேட். லஸ்ஸென் (விடுதல்) மாறும், ஏர் லெஸ்ட். ஃபஸ்ஸென் (பற்றுதல்) மாறாது, ஏர் ஃபஸ்ட்.

ஆனால் எது மாறவே மாறாது என்பதைப் பெரும்பாலும் முன்பே சொல்லிவிடலாம். மாறக்கூடியவை அடியில் ஆ, ஆ-ஊ கூட்டு, ஏ ஆகிய உயிர்கள் கொண்ட வினைகள். ஓ எழுத்தில் அடிக்கடி கண்ணில் படுவது ஷ்டோஸென் (மோதுதல், இடித்தல்) ஒன்றுதான். டூ, ஏர் இரண்டிலும் புள்ளி ஓ வரும். கொம்மென் (வருதல்) மாறாது. ஊ கொண்ட ரூஃபென் (கூப்பிடுதல்) மாறாது. ஈ அல்லது ஏ-ஈ கூட்டு அடியில் இருந்தால், பின்னால் தனியாக வரும் விஸ்ஸென் (தெரிந்திருத்தல்), ஸைன் (இருத்தல்) இரண்டும் நீங்கலாக, கவலையே வேண்டாம்: ட்ரிங்கென் (குடித்தல்), ஃபின்டென் (கண்டுபிடித்தல்), ஃப்லீகென் (பறத்தல்), ஷ்ரைபென் (எழுதுதல்), ப்லைபென் (தங்குதல்) எல்லாம் பட்டியலில் ஒழுங்கற்றவை என்றே இருக்கும், அந்த ஒழுங்கின்மை இறந்தகாலத்தில்தான். டெங்கென் (நினைத்தல்), ப்ரிங்கென் (கொண்டுவருதல்), கென்னென் (அறிமுகமாக அறிதல்) மூன்றும் அப்படியே.

ஏ எழுத்து ஈ ஆகுமா, ஈ-ஏ என்று இரட்டையாக எழுதப்பட்டு நீண்ட ஈகாரமாக ஒலிக்குமா என்பது அடுத்த சந்தேகம். அடியில் குறுகிய எகரம் என்றால் குறுகிய இகரம்: ஹெல்ஃபென் (உதவுதல்) ஏர் ஹில்ஃப்ட், ட்ரெஃபென் (சந்தித்தல்) ஏர் ட்ரிஃப்ட், வெர்ஃபென் (எறிதல்) ஏர் விர்ஃப்ட், ஷ்டெர்பென் (சாதல்) ஏர் ஷ்டிர்ப்ட், ஃபெர்கெஸ்ஸென் (மறத்தல்) ஏர் ஃபெர்கிஸ்ட். நெடில் ஏகாரம் என்றால் பெரும்பாலும் நெடில் ஈகாரம்: லேஸென் (படித்தல்) ஏர் லீஸ்ட், எம்ப்ஃபேலென் (பரிந்துரைத்தல்) ஏர் எம்ப்ஃபீல்ட், ஷ்டேலென் (திருடுதல்) ஏர் ஷ்டீல்ட். இதை மீறுகிற முக்கியமான வினைகள் மூன்று: கேபென், நேமென், ட்ரேடென். மூன்றிலும் நெடில் ஏ இருந்தும் வெறும் ஈ எழுத்துதான் வரும். மேலும் நேமென் (எடுத்தல்) வினையில் நெட்டொலிக்காக நின்ற ஹகர எழுத்து விழுந்து மகரம் இரட்டிக்கும். உச்சரிப்பு டூ நிம்ஸ்ட், ஏர் நிம்ட். ட்ரேடென் (காலடி வைத்தல், உதைத்தல்) வினையில் டகரம் இரட்டிக்கும்: டூ ட்ரிட்ஸ்ட், ஏர் ட்ரிட். குறில் உயிர் என்று காட்டத்தான் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள்.

எழுத்துப்பிழை அதிகம் விழும் இடம் அடியின் கடைசி மெய்யும் விகுதியும் ஒட்டுகிற மூட்டு. அடி ஸ் அல்லது ட்ஸ் ஒலியில் முடிந்தால் டூ வடிவத்தில் இன்னொரு ஸ் சேராது. வெறும் ட் போதும். அதனால் டூ லீஸ்ட், ஏர் லீஸ்ட். டூ இஸ்ட், ஏர் இஸ்ட் (எஸ்ஸென், சாப்பிடுதல்). டூ லெஸ்ட், ஏர் லெஸ்ட் என்று இரண்டு இடமும் ஒன்றாகிவிடும். 'ஏர் இஸ்ட்' என்பதைக் காதால் மட்டும் கேட்டால் 'அவன் சாப்பிடுகிறான்' என்பதா, 'அவன் இருக்கிறான்' என்பதா என்று பிரிக்க முடியாது. எழுத்தில் சாப்பிடுவதற்கு ஸகரம் இரண்டு, இருப்பதற்கு ஒன்று.

அடி ட ஒலியில் முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹல்டென் (பிடித்தல், நிறுத்துதல்) வினையை நிதானமாகப் பார்க்கலாம். ஒழுங்கான வினையாக இருந்தால் நடுவில் ஓர் எகரம் புகுந்து 'அர்பைடெஸ்ட், அர்பைடெட்' (வேலை செய்கிறாய், செய்கிறான்) மாதிரி வரவேண்டும். உயிர் மாறுகிற வினையில் மாறும் இரண்டு இடத்திலும் அந்த எகரம் வராது. அடி 'ஹெல்ட்' ஆகிறது. படர்க்கையில் அடியின் டகரமே விகுதியின் வேலையையும் செய்துவிடும்: ஏர் ஹெல்ட். முன்னிலையில் அடியின் டகரத்தை விடாமல் ஸ்ட் சேர்க்கவேண்டும்: டூ ஹெல்ட்ஸ்ட். பலர் இதை 'ஹெல்ஸ்ட்' என்று டகரத்தை விட்டு எழுதுகிறார்கள். ஏர் வடிவத்தில் கடைசியில் நிற்பது விகுதி என்று நினைத்து அதை எடுத்துவிட்டு ஸ்ட் போடுவதால் வரும் தவறு இது. அங்கே நிற்பது அடிக்குச் சொந்தமான எழுத்து. ஈர் வடிவத்தில் உயிர் மாறாததால் எகரம் திரும்ப வந்துவிடும்: ஈர் ஹல்டெட். ராடென் (ஆலோசனை சொல்லுதல்) இதே அச்சு: டூ ரேட்ஸ்ட், ஏர் ரேட், ஈர் ராடெட். லாடென் (ஏற்றுதல்) வினையில் மட்டும் அடியில் இருப்பது மெல்லிய டகரம் ('வண்டி'யில் கேட்பது) என்பதால், படர்க்கையில் அதையும் விகுதியின் வல்லின டகரத்தையும் ('பட்டு' என்பதில் கேட்பது) அடுத்தடுத்து எழுதுவார்கள். சொல்லும்போது ஒரே ட் தான்: ஏர் லேட்.

இனித் தனியாகப் படிக்க வேண்டியவை. ஸைன் (இருத்தல்): இஷ் பின், டூ பிஸ்ட், ஏர் இஸ்ட், வீர் ஸின்ட், ஈர் ஸைட், ஸீ ஸின்ட். இதற்கு விதி தேட வேண்டாம். வெவ்வேறு பழைய வேர்களிலிருந்து வந்து ஒரே வினையாகச் சேர்ந்தது இது. ஈர் ஸைட் என்பதை எழுதும்போது முடிவில் மெல்லிய டகரம். வல்லின டகரம் போட்டால் அது 'முதல், தொட்டு' என்று காலத்தைக் குறிக்கும் வேறு சொல். ஒலி ஒன்றே என்பதால் ஜெர்மன்காரர்களே தடுமாறுகிற இடம் இது.

ஹாபென் (வைத்திருத்தல்), வேர்டென் (ஆகுதல்) இரண்டும் நம் இரண்டு இட விதிக்குள்தான் இருக்கின்றன. உயிரோடு மெய்யும் தேய்ந்திருக்கிறது. இஷ் ஹாபெ, டூ ஹஸ்ட், ஏர் ஹட், ஈர் ஹாப்ட். இஷ் வேர்டெ, டூ விர்ஸ்ட், ஏர் விர்ட், ஈர் வேர்டெட். ஏர் விர்ட் என்பதன் கடைசி எழுத்து மெல்லிய டகரம். அதற்குமேல் விகுதி எதுவும் கிடையாது. டூன் (செய்தல்) என்பதில் விகுதி 'என்' ஆக இல்லாமல் வெறும் ன் ஆக நிற்பது ஒன்றுதான் விசேஷம்: இஷ் டூவெ, டூ டூஸ்ட், ஏர் டூட், வீர் டூன்.

விருப்பம், கட்டாயம், இயலுமை போன்றவற்றைச் சொல்லும் ஆறு துணைவினைகளும் விஸ்ஸெனும் வேறு ஓர் அச்சில் வார்த்தவை. இவற்றில் ஒருமை மூன்றும் ஓர் உயிர், பன்மை மூன்றும் ஓர் உயிர். தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே சொல், விகுதியே இல்லாமல்.

கொன்னென் (இயலுதல்): இஷ் கன், டூ கன்ஸ்ட், ஏர் கன், வீர் கொன்னென், ஈர் கொன்ட். பன்மையில் இருப்பது புள்ளி ஓ. உதட்டை ஒகரத்துக்குக் குவித்துக்கொண்டு எகரம் சொன்னால் சரியாக வரும். ம்யுஸ்ஸென் (கட்டாயம் செய்தல்): இஷ் முஸ், டூ முஸ்ட், ஏர் முஸ், ஈர் ம்யுஸ்ட். ட்யுர்ஃபென் (அனுமதி இருத்தல்): இஷ் டார்ஃப், டூ டார்ஃப்ஸ்ட், ஏர் டார்ஃப், ஈர் ட்யுர்ஃப்ட். வொல்லென் (விரும்புதல்): இஷ் வில், டூ வில்ஸ்ட், ஏர் வில், ஈர் வொல்ட். மோகென் (மனத்துக்குப் பிடித்தல்): இஷ் மாக், டூ மாக்ஸ்ட், ஏர் மாக், ஈர் மோக்ட். ஸொல்லென் (செய்யவேண்டியிருத்தல்) மட்டும் உயிர் மாறாது: இஷ் ஸொல், டூ ஸொல்ஸ்ட், ஏர் ஸொல், ஈர் ஸொல்ட். விஸ்ஸென் (தெரிந்திருத்தல்): இஷ் வைஸ், டூ வைஸ்ட், ஏர் வைஸ், வீர் விஸ்ஸென், ஈர் விஸ்ட்.

விகுதி ஏன் இல்லை? இவற்றில் வொல்லென் தவிர மற்றவை எல்லாம் மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை. 'பார்த்திருக்கிறேன், ஆகவே தெரியும்' என்ற போக்கில்தான் விஸ்ஸென் பிறந்தது. ஜெர்மனின் பழைய வகை இறந்தகாலத்தில் 'நான்', 'அவன்' இரண்டுக்கும் விகுதி கிடையாது; அந்தக் குணம் இங்கே தங்கிவிட்டது. வொல்லென் பழைய விருப்ப வடிவத்திலிருந்து வந்து இவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆகவே 'ஏர் கன்ட்', 'ஏர் முஸ்ட்' என்று ட் சேர்த்தால் தவறு.

துணைவினை வந்தால் முக்கிய வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய், அகராதி வடிவத்தில் நிற்கும். ஏர் கன் குட் ஷ்லாஃபென் (அவனால் நன்றாகத் தூங்க முடியும்). இங்கே 'ஷ்லேஃப்ட்' வரக்கூடாது. இடத்துக்கு ஏற்ப மாறுவது ஒரு வினைதான். 'இஷ் வில்' என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் எதிர்காலமாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதன் பொருள் 'எனக்கு வேண்டும், விரும்புகிறேன்'. எதிர்காலத்துக்கு 'இஷ் வேர்டெ'. கடையிலோ பிறரிடமோ ஒன்றைக் கேட்கும்போது 'வில்' முரட்டுத்தனமாகத் தொனிக்கும். 'இஷ் மொஷ்டெ' என்பதே பணிவு. அது மோகென் வினையின் இன்னொரு வடிவம்: மொஷ்டெ, மொஷ்டெஸ்ட், மொஷ்டெ, மொஷ்டென், மொஷ்டெட், மொஷ்டென். படர்க்கையில் இங்கேயும் ட் வராது.

முன்னொட்டு சேர்ந்த வினைகள் தாய் வினையைப் போலவே மாறும். ஐன்லாடென் (அழைப்பு விடுத்தல்): ஏர் லேட் மிஷ் ஐன். முன்னொட்டு பிரிந்து கடைசிக்குப் போனாலும் உயிர் மாற்றம் வினையோடுதான் இருக்கும். ஃபெர்ன்ஸேயென் (தொலைக்காட்சி பார்த்தல்): ஸீ ஸீட் ஃபெர்ன். ஆனால் தாய் வினை மாதிரி தோற்றம் காட்டி ஏமாற்றுபவையும் உண்டு. பெஆன்ட்ராகென் (விண்ணப்பித்தல்) என்பது ட்ராகெனிலிருந்து நேராக வந்ததில்லை. ஆன்ட்ராக் (விண்ணப்பம்) என்ற பெயர்ச்சொல்லிலிருந்து ஆக்கியது. அதனால் ஏர் பெஆன்ட்ராக்ட் என்று மாறாமல் வரும். ஹன்ட்ஹாபென் (கையாளுதல்) வினைக்கும் ஹட் வராது, ஏர் ஹன்ட்ஹாப்ட்.

கட்டளையிடும்போது இந்த இரண்டு வகைகளும் பிரிந்துவிடும். ஏ, ஈ ஆகும் வினைகளில் மாற்றம் கட்டளையிலும் தொடரும். டூ வடிவத்திலிருந்து விகுதியை எடுத்துவிட்டால் போதும். ஷ்ப்ரிஷ்! (பேசு), கிப்! (கொடு), நிம்! (எடு), லீஸ்! (படி), இஸ்! (சாப்பிடு). ஆ வகையில் புள்ளி விழுந்துவிடும்: ஃபார்! (போ), ஷ்லாஃப்! (தூங்கு), லௌஃப்! (ஓடு). வேர்டென் மட்டும் ஏ வகையாக இருந்தும் 'வேர்டெ!' என்றே வரும். ஸைன் வினைக்கு 'ஸை!'.

படிப்பதற்கு என் பரிந்துரை: ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களை எழுதிக் குவிக்காதீர்கள். அகராதி வடிவம், ஏர் வடிவம், ஈர் வடிவம் என்று மூன்றை மட்டும் ஒரு மூச்சில் சொல்லுங்கள். 'ஹெல்ஃபென், ஏர் ஹில்ஃப்ட், ஈர் ஹெல்ஃப்ட்.' மாற்றம் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்பது இரண்டும் காதில் பதியும்; மீதி நான்கும் தானாக வரும். முதலில் ஸைன், ஹாபென், வேர்டென்; பிறகு துணைவினைகளும் விஸ்ஸெனும்; அப்புறம் உயிர் மாறும் வினைகளில் அன்றாடப் பேச்சில் வரும் இருபத்தைந்து. இவை இல்லாமல் ஒரு பத்தி ஜெர்மன்கூட எழுத முடியாது என்பதால் பயிற்சி தானாகவே கிடைக்கும்.

இன்னும் மூன்று விவரங்கள். பக்கென் (ரொட்டி சுடுதல்) வினைக்கு ஏர் பக்ட், ஏர் பெக்ட் இரண்டுமே இன்று சரி. எர்ஷ்ரெக்கென் என்ற சொல்லோ தன்வினை, பிறவினை பார்த்து மாறும்: அவனே மிரள்கிறான் என்றால் ஏர் எர்ஷ்ரிக்ட், இன்னொருவரை மிரட்டுகிறான் என்றால் ஏர் எர்ஷ்ரெக்ட். பழைய புத்தகங்களில் முஸ், இஸ்ட், லெஸ்ட் போன்ற சொற்களில் இரட்டை ஸகரத்துக்குப் பதிலாக வளைந்த தனி எழுத்து ஒன்றைப் பார்ப்பீர்கள். அது 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம். குறில் உயிருக்குப் பின் இப்போது இரட்டை ஸகரம்தான் எழுதவேண்டும். வைஸ் என்ற சொல்லில் குறில் இல்லாமல் ஏ-ஈ கூட்டு வருவதால் அந்த எழுத்து இன்றும் அப்படியே இருக்கிறது.